குளிப்புக்கு அஞ்சும் நாயைப் பழக்குதல்

(விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நெற்பயிரைத் தாக்கும் கபிலநிறத் தத்தியைப் பற்றியும் கத்தரியின் வாடல் நோயைப் பற்றியும் பேசவேண்டிய போதனாசிரியன், நாயைக் குளிப்பாட்டுவது பற்றிப் பேச வந்துவிட்டானே என்று உங்களிற் சிலர் நகைக்கக்கூடும். இவ்வுரை முதலிற் கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டுத்தோட்டம் செய்வோரிடையே நிகழ்த்தப்பட்டது. வந்திருந்தோருட் பலருக்கு ஊரில் வயலும் தோட்டமும் உள. அவற்றைக் காட்டுப்பன்றியிடமிருந்தும் முள்ளம்பன்றியிடமிருந்தும் இரவில் காப்பது அங்குள்ள நாயே. "எங்கள் ஊர் நாய்க்கும் இதே தொல்லைதான், இதனை எழுத்தில் தாருங்கள்" என்று அவர்கள் கேட்டுக்கொண்டமையால், வயலுக்கும் தோட்டத்துக்கும் உரிய சில செய்திகளைச் சேர்த்து இத்துண்டுப்பிரசுரத்தில் வெளியிடுகின்றோம்.

குளிப்பு என்பது அழகுக்காக மட்டும் செய்யப்படுவதன்று. குளிக்க இசையாத நாய் தன் உடலைத் தொடவும் இசையாது. தொடமுடியாத நாயின் காதுக்குள் உண்ணி பெருகும். கழுத்திலுள்ள சிறு காயத்திற் புழு விழும். தடுப்பூசி போடும் நாளில் அது வேலிக்கு அப்பால் ஓடிவிடும். இவை மூன்றும் நாயோடு நின்றுவிடுவனவல்ல.

இதனை நான் பிழை செய்தே கற்றேன். வெள்ளவத்தையிற் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில் என் தமக்கையார் வசிக்கின்றார். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய வீட்டுக்கு வன்னியிலிருந்து வீமன் என்னும் நாயொன்றைக் கொண்டுவந்து விட்டோம். ஒன்றரை வயது, வயலிலும் வரம்பிலும் திரிந்து வளர்ந்தது. வந்த மறுநாளே அதன் மேலிருந்த சேற்று மணத்தைப் போக்க வேண்டும் என்று அத்தான் கூறவே, நான் அதனைப் பின்முற்றத்துக் குழாயடியிற் குறுகிய சங்கிலியாற் கட்டி, தகர வாளியால் தலைமேல் நீரை ஊற்றினேன். சீமெந்துத் தரையில் அதன் கால்கள் வழுக்கின. வாளி நிலத்தில் மோதிப் பேரொலி எழுப்பியது. மூன்றாம் வாளிக்கு என் கையைக் கடித்துவிட்டது.

கடித்த இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசினர் வைத்தியசாலைக்குச் சென்று ஊசி போட்டுக்கொண்டேன். நாயின் மீது எனக்குச் சினம் உண்டாயிற்று என்பதை மறைக்க மாட்டேன். ஆயினும் பின்னர் எண்ணிப் பார்க்கையில், வீமன் செய்ததிற் பிழை யாதும் இல்லை. அது முதலில் வாலை ஒடுக்கிற்று, பின்பு முகத்தைத் திருப்பிற்று, உதட்டை நக்கிற்று, கண்ணின் வெள்ளை தெரிய விழித்தது, அசையாமல் விறைத்து நின்றது, உறுமிற்று. ஆறு முறை அறிவித்த பின்னரே கடித்தது. அந்த ஆறினையும் வாசிக்கத் தெரியாதவன் நான்.

உறுமும் நாயை அடிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது மிகவும் தீங்கானது. அடிபட்ட நாய் அச்சத்தை விடுவதில்லை. உறுமுவதை மட்டும் விட்டுவிடுகின்றது. அடுத்த முறை அறிவிப்பின்றியே கடிக்கும்.

அன்று தொடங்கிய வினை அத்துடன் முடியவில்லை. குழாய் திறக்கும் ஓசை கேட்டாலே வீமன் கட்டிலின் கீழ் ஒளியும். கழுத்துப்பட்டியைத் தொடுவதற்கும் இடந்தராது. இரண்டு மாதத்தின் பின் உணவை வெறுத்துச் சோர்ந்து படுத்தது. மிருக வைத்தியரிடம் கொண்டுசென்றோம். அங்கும் இருவர் பிடித்து வாய்க்கூடு மாட்டிய பின்னரே பார்க்க முடிந்தது. ஈறுகள் வெளிறியிருந்தன. இரு காதுகளின் உள்ளும் உண்ணிகள் கொத்துக்கொத்தாக இருந்தன. உண்ணிக் காய்ச்சல் என்றார். நாள்தோறும் ஒரு முறை காதைத் தடவிப் பார்த்திருந்தால் அந்நிலை வந்திராது. தடவிப் பார்க்க இயலாதவாறு செய்தவன் நானே அல்லவா?

வீமன் பிழைத்துக்கொண்டது. அதன் பிறகே பழக்கும் வேலையை முறையாகத் தொடங்கினோம்.

நாம்பன் கன்றை நுகத்துக்குப் பழக்கியவர்கள் உங்களுள் இருப்பீர்கள். முதல் நாளே அதனை ஏரிற் பூட்டி வயலில் இறக்குவோர் எவருமில்லை. முதலிற் கயிறு, பின் கழுத்தில் வெறுங் கட்டை, பின் பழகிய எருதின் பக்கத்தில் வெறும் நடை, ஈற்றில் ஏர். விவசாயப் பாடசாலையில் நான் பயின்ற காலத்தில் மாடு பழக்கிய முதியவர் ஒருவர், கன்று மிரண்ட நாளில் வேலையைத் தொடராமல் முந்தைய நாட் பாடத்துக்குத் திரும்பிவிடுவார். மாட்டுக்கு நாம் காட்டும் அப்பொறுமையை நாய்க்கு ஏன் காட்டுவதில்லை என்று எனக்கு விளங்கவில்லை. நாய் நம்மோடு நெருங்கி வாழ்வதால், எல்லாவற்றையும் அது தானாகவே அறிந்திருக்க வேண்டும் என்று எண்ணிவிடுகின்றோம் போலும்.

பழக்கத் தொடங்குமுன் மூன்று பொருள்களை மாற்றினோம். தகர வாளிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வாளி; வழுக்கும் தரையின் மேல் நனைத்த சாக்கு; சங்கிலிக்குப் பதிலாக நீளமான, தளர்ந்த கயிறு. இடத்தையும் மாற்றினோம். கடிபட்ட குழாயடியை விட்டு, முற்றத்தின் மறு ஓரத்தில் முருங்கை மரத்தின் கீழ்த் தொடங்கினோம். ஊரில் உள்ளவர்கள் கிணற்றடியில் அச்சமுற்ற நாயை வாழையடிக்குக் கொண்டுசெல்லலாம், நீரும் வீணாகாது.

கைக்கூலியாக நெத்தலிக் கருவாட்டை நீரில் ஊறவைத்து உப்பை நீக்கி, நகத்தளவு துண்டுகளாக்கி வைத்துக்கொண்டோம். அவித்த ஈரலும் முட்டையும் நல்லவையே. அத்தீனியை வேறெந்த வேளையிலும் கொடுத்தலாகாது. சாப்பாட்டுக்கு முன், நாய் பசியோடிருக்கும் வேளையே பாட வேளை. ஒரு தடவைக்கு மூன்று நிமிடம். நாளுக்கு இரண்டு தடவை. அதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

இனி இங்கே ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலோர் தவறுவது இவ்விடத்திலேதான். தீனியை முதலிற் காட்டி நாயை அழைத்து, அது வந்ததும் நீரை ஊற்றுகின்றோம். இரண்டே முறையில் நாய் அதனைக் கண்டுகொள்ளும். பின்பு தீனியைக் கண்டாலே ஓடும். முறை மாறவேண்டும். முதலில் நீரின் ஓசை. அதன் பின் தீனி. உருசிய நாட்டு அறிஞர் பவ்லோவ், சமிபாடு பற்றிய ஆராய்ச்சிக்காக 1904 இல் நோபல் பரிசு பெற்றவர், தம்முடைய நாய்களிடம் கண்டதும் இதுவே. உணவுக்கு முன் எந்த ஓசை தவறாமல் வந்ததோ, அந்த ஓசைக்கே நாயின் வாய் ஊறிற்று. உணவுக்குப் பின் வந்த ஓசையால் அவ்வாறு நிகழ்வதில்லை. ஆகவே குழாயைச் சிறிது திறப்பது, உடனே ஒரு துண்டு. மூடுவது, தீனியும் நிறுத்தம். முதல் வாரம் முழுவதும் நாங்கள் செய்தது இவ்வளவே. வீமன் அப்போது குழாயிலிருந்து பத்தடி தூரத்தில் நின்றது. ஒரு துளி நீரும் அதன் மேற் படவில்லை. அத்தான் இதனை வீண் வேலை என்றார்.

இரண்டாம் வாரத்திற் கையைப் பழக்கினோம். தோளைத் தொட்டு ஒரு துண்டு. முதுகைத் தொட்டு ஒரு துண்டு. பின்பு மார்பு, கால், பாதம், காது, வால் என்ற வரிசையில். நாய்க்கு இயல்பாக வெறுப்புள்ள இடங்கள் பாதமும் காதும் வாலும். அவற்றைக் கடைசிக்கு வைத்து, ஒரு நொடி தொட்டு விடுவதோடு நிறுத்தவேண்டும். முகத்தைத் திருப்பினால் கையை எடுத்துவிட வேண்டும்.

பெரிய மாற்றத்தைக் கண்டுபிடித்தவள் என் தமக்கையாரின் மகள். அப்பொழுது அவளுக்குப் பத்து வயது. "மாமா, சாக்கிலே நின்றால் தொடுவோம், இறங்கினால் விடுவோம்; அது வீமனுக்கு விளங்குகிறதா என்று பார்ப்போமே" என்றாள். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கவில்லை. இறங்க விட்டால் திரும்பி ஏறுமா? ஆயினும் அவ்வாறே செய்தோம். நாய் சாக்கின் மேற் கால் வைத்ததும் வேலை தொடங்கும். ஒரு காலை வெளியே எடுத்து வைத்ததும் கை விலகும், பேணி கீழே வைக்கப்படும். இழுப்பதும் இல்லை, அதட்டுவதும் இல்லை. முதல் நாள் ஏழெட்டு முறை இறங்கிற்று. மூன்றாம் நாள் இரண்டு முறை. அந்த வாரக் கடைசியில் நாங்கள் முற்றத்துக்கு வருமுன்னரே அது சாக்கின் மேல் நின்றுகொண்டிருந்தது. தான் நினைத்த வேளையில் நிறுத்தலாம் என்று அறிந்த நாய்க்கு ஓடவேண்டிய தேவை குறைந்துவிடுகின்றது. மிருகக்காட்சிச் சாலைகளில் யானையைக் காலைத் தூக்கிக் காட்டப் பழக்கி நகம் சீவுவதும் இதனையொத்த முறையிலேயே.

அதன் பின் நீரைச் சேர்த்தோம். வெறும் பேணியை முதுகிற் படவைத்தல். நனைத்த துணியால் ஒரு காலைத் துடைத்தல். பேணியளவு நீரைப் பாதத்தில் விடுதல். நீர் எப்பொழுதும் காலிலிருந்து மேல்நோக்கியே செல்லவேண்டும். தலையில் ஊற்றவே கூடாது. முகத்தை ஈரத்துணியாற் கடைசியில் துடைத்தாற் போதும். கிணற்று நீர் விடியற்காலையிற் குளிர்ந்திருக்கும். வெயிலில் வைத்த நீரை முற்பகலில் வார்த்தல் நன்று. ஒரு நாள் பின்னங்கால்களும் வயிறும் மட்டும், மறுநாள் மற்றப் பாகம் என்று பாதிப் பாதியாகக் குளிப்பாட்டினாலும் குற்றமில்லை. ஐந்தாம் வாரத்தில் வீமன் முழுக்குளிப்புக்கு நின்றது. எல்லா நாய்க்கும் ஐந்து வாரம் என்று கொள்ளவேண்டாம். குட்டியாயின் சில நாள் போதும். அடிபட்டு வளர்ந்த நாய்க்குப் பல மாதம் செல்லும்.

துணி தோய்க்கும் சவர்க்காரத்தைப் பாவிக்க வேண்டாம். நாயின் தோல் நம் தோலிலிருந்து வேறுபட்டது. அது காய்ந்து சொறிச்சலை உண்டாக்கும். நாய்க்கென விற்கப்படும் ஷம்புவே தக்கது. நுரை சிறிதும் தங்காதவாறு கழுவவேண்டும். காதுக்குள் நீர் புகாமற் பார்த்துக்கொள்க. பழைய சாரம் ஒன்றினால் துடைத்து, ஓடித்திரிய விட்டுவிடுக. குட்டை மயிருள்ள ஊர் நாய்க்கு மாதம் ஒருமுறை குளிப்புப் போதும்.

நீண்ட மயிருள்ள நாய்க்கு ஒரு சொல். கொட்டாஞ்சேனையில் முதியவர் ஒருவர் பொமரேனியன் சாதி நாய் வளர்க்கின்றார். குளித்த பின்பே சீவ வேண்டும் என்று எண்ணியிருந்தார். சடை விழுந்த மயிர் நனைந்தால் இன்னும் இறுகும். அதனைச் சீப்பினால் இழுப்பது தோலை இழுப்பதாகும். அவருடைய நாய் அஞ்சியது நீருக்கன்று, சீப்புக்கே. நனைக்குமுன் சிக்கெடுத்து, சடையின் அடியை ஒரு கையாற் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சீவுமாறு கூறினேன். கத்தரிக்கோலைத் தோலருகே கொண்டுபோதல் வேண்டாம். கெட்டியான சடையை மிருக வைத்தியசாலையில் மழித்துக்கொள்ளலாம்.

இப்பொழுது நான் மிகவும் அழுத்திச் சொல்லவேண்டிய விடயத்துக்கு வருகின்றேன். குளிக்க இசையாத நாயில் உண்ணி பெருகியபோது, சிலர் வயலுக்குத் தெளிக்கும் பூச்சிநாசினியை நீரிற் கலந்து தூரத்தில் நின்று ஊற்றுகின்றனர். தயவுசெய்து இதனைச் செய்யாதீர்கள். பூச்சிகளின் நரம்பைத் தாக்கும் அந்நஞ்சு நாயின் நரம்பையும் தாக்கும். தோல் வழியே உறிஞ்சப்படும். நாய் மயிரை நக்குவதால் வயிற்றுக்குள்ளும் செல்லும். வாயிலிருந்து நுரை ஒழுகுதல், வாந்தி, தசை துடித்தல், மூச்சுத்திணறல் என்பன தோன்றி இறந்துவிடவும் கூடும். அந்நாயைக் கட்டித் தழுவும் பிள்ளையின் கையிலும் அந்நஞ்சு படும். பரகுவாட்டு, டைமீதோயேற்று, பென்தியன் ஆகியவை இந்நாட்டில் 2008 முதல் 2011 வரையில் தடைசெய்யப்பட்டன. மனிதருக்கு அவை விளைத்த கேடே காரணம். பழைய போத்தல் எதுவும் களஞ்சியத்தின் மூலையில் இருந்தால், அதனை நாய்க்கு என்று நினைக்கவே வேண்டாம். எவரேனும் ஊற்றிவிட்டால் கையுறை அணிந்து, சவர்க்கார நீரால் உடனே கழுவி, போத்தலின் லேபலோடு மிருக வைத்தியரிடம் விரைக.

உண்ணியைக் கவ்வியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சவர்க்கார நீரில் இடவேண்டும். விரலால் நசுக்குவதும் நெருப்புக் குச்சியாற் சுடுவதும் கூடா. பழுப்புநிற நாய் உண்ணியின் பெண், இரத்தம் குடித்தபின் நாயை விட்டிறங்கி, சுவர் வெடிப்பிலும் சாக்குக் குவியலிலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். ஆகவே நாய் படுக்கும் இடத்தையும் துப்புரவாக்காவிட்டால் பயனில்லை. மிருக வைத்தியர் தரும் துளி மருந்தைத் தோலில் இடும்போது, முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. நாய்க்குரிய சில மருந்துகள் பூனைக்கு நஞ்சு. ஒன்றுக்கு வாங்கியதை மற்றதற்கு இடவேண்டாம்.

அறுவடைக் காலத்தில் விரலிடுக்குகளை நாள்தோறும் பார்க்கவும். நெற்சுணையும் ஒட்டுப்புல்லின் விதையும் அங்கே புகுந்து சீழ்பிடிக்கும். எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாகவும் பரவக்கூடும். 2008 இல் இந்நாட்டில் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சலால் பீடிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று. கையிற் புண்ணுள்ளவர் கையுறையின்றி நாயைக் கழுவலாகாது.

கடைசியாக, உயிரோடு தொடர்புடைய ஒரு தவறான எண்ணம். தண்ணீருக்கு அஞ்சும் நாய் விசர் நாய் என்று கிராமங்களிற் சொல்வதுண்டு. அதனால் குளிக்க மறுத்த நாயை அடித்துக் கொல்ல முற்படுவோரும் உளர். நீரைக் கண்டு அஞ்சுவது விசர்நோய் கண்ட மனிதனின் குறி. விசர் நாய் நீருள்ளும் இறங்கக்கூடும். அதன் குறிகள் வேறு: பழகியவரையும் அறியாமை, காரணமின்றிக் கண்டதைக் கடித்தல் அல்லது இருளில் ஒடுங்குதல், குரல் மாறுதல், தாடை தொங்குதல், விழுங்க முடியாமல் எச்சில் வடிதல். இவற்றைக் கண்டால் குளிப்பாட்டவோ, தொண்டையில் எலும்பு சிக்கிற்றோ என்று கைவிட்டுப் பார்க்கவோ கூடாது. பிள்ளைகளை விலக்கி, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கவும். நோய்க்குறி தோன்றிய பின் மனிதரைக் காப்பாற்றுதல் ஏறக்குறைய இயலாது. முன்னரே போடும் ஊசியே காப்பு. 1885 இல் பிரான்சில் பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு அதனைக் கொடுத்தார். இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி இடும் முயற்சி பரவிய பின் அத்தொகை பெரிதும் குறைந்துள்ளது, ஆயினும் அற்றுப்போகவில்லை. நாய் வீட்டுக்குரியதாயினும் கடித்தால் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி வைத்தியசாலைக்குச் செல்லவும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பவேண்டாம்.

வீமனுக்கு அவ்வாண்டுத் தடுப்பூசி போடும் நாள் வந்தபோது, என் மருமகள் முற்றத்துச் சாக்கை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். ஊசி போடும் இடத்தில் நாய்கள் பல குரைத்துக்கொண்டிருந்தன. வீமனும் நடுங்கிற்று. எங்கள் முறை வந்ததும் அவள் சாக்கை நிலத்தில் விரித்தாள். வீமன் அதனை முகர்ந்து பார்த்து, நான்கு காலையும் எடுத்து வைத்து ஏறி நின்றது. மிருக வைத்தியர் ஊசியைப் போட்டுவிட்டு, "இது என்ன சாக்கு?" என்று கேட்டார். நெத்தலித் துண்டு ஒன்றை வீமனுக்குக் கொடுத்த பின்னரே அவள் அவருக்கு மறுமொழி கூறினாள்.